'தி' போட்ட சீட்டு

என் அக்கா வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் நிதானம். வைத்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. பாராட்டி வைத்த பெயர் இல்லை, வயிற்றெரிச்சலில் வைத்தது. அந்த மனுஷன் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் நான் ஒரு சட்டைக்குக் கை வெட்டி முடித்துவிடுவேன். "இல்ல... அது வந்து..." என்று அவர் இழுக்கும்போதே எனக்குக் காது குடையும். மீதியை நானே சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஊசி சொன்னா சரிதான்" என்பார். ஊசி என்பது அவர் எனக்கு வைத்த பெயர். நான் தையற்கடை வைத்திருப்பதால் மட்டும் வந்த பெயர் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

மாமாவுக்குத் தபால் ஆபீஸில் பார்சல் வாங்குகிற இடத்தில் வேலை. பொட்டலத்தை எடை மேடையில் வைப்பார், முள் நிற்கும்வரை பார்ப்பார், நின்ற பிறகும் பார்ப்பார். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். குப்பையைக்கூடச் சும்மா போட மாட்டார். காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி, மாத்திரை அட்டை மாதிரி பளபளக்கிறதெல்லாம் தனி. வகைவகையாக நூல் போட்டுக் கட்டிப் பின்பக்க அலமாரியில் அடுக்கி வைப்பார். இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஆள் வந்து எடுத்துப் போவான். "குப்பைக்கு மரியாதை குடுக்கிற ஒரே ஆள் நீங்கதான் மாமா" என்று நான் கிண்டல் செய்யாத வாரம் இல்லை.

அக்கா அவருக்கு நேர் எதிர். கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் அவள் கையில். என் கடைக்கு வந்தால், இந்தத் துணியில் எத்தனை சீருடை வெட்டலாம் என்பதை நான் டேப்பை எடுப்பதற்குள் சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூட தப்பியதில்லை. இந்த மின்னல் எப்படி அந்த மாட்டு வண்டியோடு குடித்தனம் நடத்துகிறது என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன், அவர் காதுபடவே.

போன வருஷம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஈரம் சறுக்கி அக்கா விழுந்தாள். பெரிய விழுதல்கூட இல்லை. கையை ஊன்றி உட்கார்ந்த மாதிரிதான். ஆனால் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டரம்மா, "இப்படி விழுந்ததுக்கெல்லாம் எலும்பு உடையக் கூடாதே" என்று சொல்லி எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அன்றைக்கே எடுத்துப் பார்த்தால், எலும்பு மெலிந்துபோய் உள்ளே சல்லடையாக இருக்கிறதாம். ஐம்பத்தாறு வயதில் இது நிறையப் பெண்களுக்கு வருவதுதான், மருந்தும் சாப்பாடும் நடையும் சரியாக இருந்தால் சமாளிக்கலாம் என்றார்.

அன்றைக்கு மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கூடப் போனது நான். அக்காவின் எழுதுகிற கை மாவுக்கட்டில் இருந்ததால் டாக்டரம்மா சொல்லச் சொல்ல, பையில் கிடந்த என் கடைச் சீட்டு ஒன்றின் பின்னால் நான்தான் எழுதிக்கொண்டேன். என் கடையில் முழு வார்த்தை எழுதுகிற பழக்கமே கிடையாது. 'இ' என்றால் இடுப்பு, 'நீ' என்றால் நீளம், 'வெ' என்றால் வெள்ளிக்கிழமை டெலிவரி. அதே பழக்கத்தில் எழுதினேன். "கால் - கா 1, இர 1, சாப். டி - தி 1." கால்சியம் காலையும் இரவும் சாப்பாட்டோடு. வைட்டமின் டி, தி ஒன்று. இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, "இதுல இருக்கிறபடி ஒரு வேளைகூட தப்பாம போட்டுக்கணும்" என்று அதட்டிவிட்டு வந்தேன்.

அக்கா தப்பாமல்தான் போட்டுக்கொண்டாள். மாத்திரை தீர்ந்தால் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இருக்கிற மருந்துக்கடையில் காலி அட்டையைக் காட்டி அடுத்தது வாங்கிக்கொண்டாள். அவளோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி எலும்புக்கு நல்லது என்று பாலில் கலக்கிற பவுடர் டப்பா ஒன்று கொடுத்தாள். அதையும் குடித்தாள்.

நாலு வாரம் போனது. அக்கா சோர்ந்துபோனாள். சாப்பாட்டைக் கண்டால் குமட்டுகிறது என்றாள். வயிறு போகவில்லை என்றாள். எந்நேரமும் கையில் தண்ணீர் பாட்டில். கட்டுப் போட்ட அலுப்பு என்று நான் நினைத்தேன்.

ஆறாவது வாரம் மாமா என் கடைக்கே வந்தார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"ஊசி... அந்தச் சீட்டுல... டி-க்குப் பக்கத்துல 'தி'ன்னு..."

"டாக்டரம்மா சொன்னதைத்தான் மாமா எழுதியிருக்கேன். எழுதினது எழுதினபடி போட்டுக்கிட்டா போதும். நீங்க புதுசா ஆராய்ச்சி பண்ணாதீங்க."

"இல்ல... அது வந்து..."

"எலும்பு உறுதியாக வேண்டாமா? இந்தாங்க, இதையும் அக்காகிட்ட குடுங்க" என்று நான் வாங்கி வைத்திருந்த டப்பாவை அவர் கையில் திணித்தேன். மென்று சாப்பிடுகிற கால்சியம் மாத்திரை, ஆரஞ்சு வாசனை. நல்லது எவ்வளவு சாப்பிட்டால்தான் என்ன என்பது அப்போது என் ஞானம். மாமா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் போன் செய்தார். "உங்க அக்கா நேத்து பதினாலு டம்ளர் தண்ணி..." என்று ஆரம்பித்தார். "வெயில் காலம் மாமா, குடிக்கட்டும், டம்ளரையெல்லாமா எண்ணுவாங்க?" என்று வைத்துவிட்டேன். கடையில் ஆள் நின்றார்கள்.

அந்த வாரம்தான் அந்தக் கொடுமை நடந்தது. அக்கா வகுப்பில் கரும்பலகையில் ஏழு எட்டு ஐம்பத்துநாலு என்று இடது கையால் எழுதினாள். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அம்பத்தாறு" என்றாளாம். அக்கா பலகையைப் பார்த்தாளாம், அந்தப் பெண்ணைப் பார்த்தாளாம், மறுபடியும் ஐம்பத்துநாலு என்றே எழுதினாளாம். மறுநாள் வேறு வகுப்புக்குள் போய் நின்றுகொண்டு, இவர்கள் யார் என்று கேட்டிருக்கிறாள். தலைமை டீச்சர் கையில் கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மூளை நரம்பு டாக்டரிடம் காட்டிப் பதினைந்து நாளைக்குள் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் உடல்நிலை காரணமாக வேலையை விட்டுவிட வேண்டும்.

அந்தக் கடிதத்தை அக்கா எனக்குப் படித்துக் காட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு என்னமோ ஆயிடுச்சு. கணக்கு வரல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். மறதி நோய்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். தெரிந்த ஒருவரைப் பிடித்துத் தலை ஸ்கேனுக்கு அடுத்த வாரம் நாள் வாங்கினேன்.

மாமா என்ன செய்தார் தெரியுமா? சனிக்கிழமை அக்காவைத் தபால் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் பார்சல் எடை மேடையில் ஏற்றி நிறுத்தினார்.

"என்னை எங்க அனுப்பப் போறீங்க?" என்று அக்கா கேட்டாளாம்.

"எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்று சொன்னாராம். நாலரைக் கிலோ குறைந்திருந்தது. அதைக் கையில் எழுதிக்கொண்டு வந்தார். இது எனக்குத் தெரியவந்தபோது, பொண்டாட்டிக்குப் புத்தி பேதலிக்கிறது, இவர் எடை பார்க்கிறாரே என்று எனக்குக் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கொதிப்போடுதான் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். சாப்பாட்டு மேசை முழுக்கக் காலி மாத்திரை அட்டைகள். நூல் கட்டைப் பிரித்து வரிசை வரிசையாகப் பரப்பியிருந்தார். பக்கத்தில் பவுடர் டப்பா, நான் கொடுத்த ஆரஞ்சு டப்பா, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த சீட்டு. ஒரு மடித்த காகிதத்தை இஸ்திரி போட்டு நீட்டி வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சோபாவில் பாட்டிலை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "அக்கா இப்படி உக்காந்திருக்கா, நீங்க குப்பையைப் பரப்பி வச்சு விளையாடறீங்களா? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு..."

"ஊசி, வாயை மூடு."

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. நான் மூடிக்கொண்டேன்.

"நான் இப்ப முழுசா பேசப் போறேன். நடுவுல வெட்டாதே" என்றார். நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"இது டி மாத்திரை. ஒரு அட்டையில எட்டு. காலி அட்டை ஆறு இருக்கு. ஏழாவதுல ஒண்ணு போயிருக்கு. கட்டுப் போட்டு இன்னியோட ஏழு வாரம். ஏழேழு எவ்வளவு?"

"நாப்பத்தாறு" என்றாள் அக்கா, சோபாவிலிருந்து.

மாமா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "நாப்பத்தொன்பது. ஒரு நாளைக்கு ஒண்ணு போயிருக்கு. இது பெட்டிக்குள்ள இருந்த காகிதம். பொடி எழுத்து, படிக்க ரெண்டு நாள் ஆச்சு. ஒரு மாத்திரையில அறுபதாயிரம் யூனிட். வாரத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு. அதிகமானா ரத்தத்துல கால்சியம் ஏறுமாம். என்ன ஆகும்னும் எழுதியிருக்கு. தாகம். குமட்டல். மலச்சிக்கல். எடை குறையறது. சோர்வு. குழப்பம்." ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார். ஒன்றுகூட விடுபடவில்லை. "இதுபோக கால்சியமும் டியும் இந்த பவுடர்லயும் இருக்கு, நீ குடுத்ததுலயும் இருக்கு. ஒரே சரக்கு, நாலு பொட்டலம். யாரும் மொத்த எடை போடல."

பிறகு என் சீட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இந்த 'தி'யை உங்க அக்கா தினம்னு படிச்சா. நானும் அப்படித்தான் படிச்சேன். அட்டையில வாரம்னு போட்டிருக்கே, டாக்டரம்மா ஏன் தினம்னு சொன்னாங்கன்னுதான் உன்னைக் கேக்க வந்தேன். இப்ப சொல்லு. நீ என்ன எழுதின?"

"திங்கள்" என்றேன்.

டாக்டரம்மா சொன்னது இப்போது காதில் விழுந்தது. வாரத்துக்கு ஒன்று, மறக்காமல் இருக்க திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருஷமாக என் கடையில் 'தி' என்றால் திங்கட்கிழமைதான். கடைக்கு வெளியே இருக்கிற உலகத்துக்கு அது தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐயோ, என் அக்காவுக்கு நானே என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்க வந்த மனுஷனையும் பேசவிடாமல் துரத்தியிருக்கிறேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டார். "கிளம்பு" என்றார். நான் செருப்பை மாட்டுவதற்குள் அக்காவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு அவ்வளவு வேகம் இருக்கும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்த டாக்டர் அக்காவிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் தலை ஸ்கேனுக்கு எழுதப் பேனாவை எடுத்தார். மாமா பையை மேசைமேல் வைத்தார். "டாக்டர், ஒரு நிமிஷம். அதுக்கு முன்னாடி ரத்தத்துல கால்சியம் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். இழுக்கவில்லை, தடுமாறவில்லை. தேதி, எண்ணிக்கை, டம்ளர், எடை. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

பத்தரைக்குள் இருக்க வேண்டிய கால்சியம் பதினாலு இருந்தது. சிறுநீரகமும் திணற ஆரம்பித்திருந்தது. உடனே படுக்க வைத்து ஊசி போட்டுச் சலைன் ஏற்றினார்கள். கால்சியம், டி, பவுடர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். மறுநாள் எலும்பு டாக்டரம்மாவும் வந்து பார்த்தார். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் சிறுநீரகம் திரும்பியிருக்காது என்றார். "கால்சியமும் டியும் இவங்களுக்கு வேணும்தான். ஆனா அளவோட. கடையில ஈசியா கிடைக்குதேன்னு மிட்டாய் மாதிரி சேத்துக்கிட்டே போகக் கூடாது" என்றார். பிறகு என் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது யார் எழுதினது?" என்று கேட்டார்.

எதற்கும் முந்திக்கொள்கிற என் வாய் அப்போது திறக்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், பயந்துவிட்டேன்.

"சீட்டு சரியாத்தான் இருக்குங்க" என்றார் மாமா, மூக்கைத் தடவிக்கொண்டே. "திங்கள்னுதான் போட்டிருக்கு. நான்தான் தினம்னு தப்பா படிச்சு, வீட்ல சொல்லிட்டேன்."

டாக்டரம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். பைக்குள் இருந்த அட்டைகளையும் பார்த்தார். "தப்பா படிச்சவர் இவ்வளவு சரியா எண்ண மாட்டாரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலாவது நாள் காலை நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா சலைன் பாட்டிலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் குழப்பமோ என்று நினைத்தேன்.

"நிமிஷத்துக்கு அம்பது சொட்டு விழுது" என்றாள். "இருபது சொட்டு ஒரு மில்லின்னு நர்ஸ் சொன்னா. பாட்டில்ல இருநூத்தம்பது மில்லி இருக்கு. சரியா நூறு நிமிஷம்."

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பாட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நூறு நிமிஷம் ஓரிடத்தில் அசையாமல் இருந்தேன். கடைசிச் சொட்டு விழுந்ததும், "நூத்தியொரு நிமிஷம்" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

அவர் முகம் கழுவப் போன நேரத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, அந்தச் சீட்டு..."

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவர் பொய் சொன்னா மூக்கைத் தடவுவார். அன்னிக்கு டாக்டரம்மா முன்னாடி மூக்கு தேயற அளவுக்குத் தடவினார். எவ்வளவு குழப்பத்துல இருந்தாலும் அது எனக்குப் புரிஞ்சுது."

"ரெண்டு தடவை என்கிட்ட சொல்ல வந்தார்க்கா. நான் பேசவே விடல. நான் ஒரு ராட்சசி."

"ராட்சசிதான்" என்றாள் அக்கா, கொஞ்சமும் யோசிக்காமல். "ஆனா தினமும் டப்பாவைத் திறந்தது யாரு? அட்டையில வாரம் ஒண்ணுன்னு அச்சடிச்சிருக்கு. கணக்கு டீச்சர் அதைப் படிக்கல. பாதிப் பாதி வச்சுக்கலாம்."

துண்டோடு திரும்பி வந்த மாமா, "இல்ல... அது வந்து... எனக்கும் ஒரு பங்கு..." என்றார். அக்கா சிரித்தாள். ஏழு வாரத்துக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு. நான் அவர் காலில் விழாத குறையாகக் கும்பிட்டேன். "அட, போ ஊசி" என்று கூச்சப்பட்டு விலகிக்கொண்டார்.

பதினைந்தாவது நாள் அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எலும்பு டாக்டரம்மா கொடுத்த சான்றிதழைத் தலைமை டீச்சர் படித்துப் பார்த்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். அக்கா நேராக ஏழாம் வகுப்புக்குப் போய், முதல் பெஞ்ச் பெண்ணைக் கூப்பிட்டுச் சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, ஏழு எட்டை எழுதச் சொன்னாள். அவள் எழுதியதும், "அன்னிக்கு நீதான் சரி" என்றாளாம்.

எலும்பு மெலிந்தது மெலிந்ததுதானே, அதற்கு வைத்தியம் வேண்டும். கால்சியத்தைப் பாலிலும் சாப்பாட்டிலும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். டி பக்கமே இப்போதைக்குப் போகக் கூடாது, அவ்வப்போது ரத்தம் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். சிறுநீரகம் தேறிய பிறகு எலும்புக்கென்று வாரம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். அந்தச் சீட்டை மாமா எழுதினார். அரைப் பக்கம் வந்தது. ஒரு எழுத்துகூடச் சுருக்கவில்லை. என் கடைச் சீட்டிலும் இப்போது கிழமையை முழுசாகத்தான் எழுதுகிறோம். பட்டன் கட்டுகிற அம்மா, இடம் போதவில்லை என்று முணுமுணுக்கிறாள். இடம் போதாவிட்டால் பெரிய சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

வாரத்துக்கு ஒருநாள் காலை ஏழு மணிக்கு என் போன் அடிக்கும். மாமாதான்.

"ஊசி... அது வந்து... இன்னிக்கு..."

என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அக்கா டம்ளரோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பதும் தெரியும். அடுப்பில் பால் பொங்கும், கடைக்கு நேரமாகும். இருந்தாலும் நான் வாயைத் திறப்பதில்லை.

"...திங்கட்கிழமை" என்று அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.